இடது விலா

பசு செத்தது பால்காய்ச்சலில்,
ஈன்ற ஒன்பதாம் நாள்.
கன்றுக்குப் பாட்டில் இருந்தது, காம்பு இல்லை.
எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்:
பழைய சைக்கிள் டியூபை வெட்டி
சொல்யூஷன் தடவி ஒட்டி
விரல் தடிமனில் ஒரு காம்பு செய்தேன்.
சாக்கு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி
நுனியில் குத்தினேன்.
இருபது வருசமாய் ஓட்டை அடைப்பவன்
வேண்டுமென்று போட்ட ஓட்டை அது.

வீரவநல்லூர் விலக்கில்
அம்பை ரோட்டைப் பார்த்த கடை.
காற்றுப் பிடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
ஆணியில் தொங்கும் டியூபையெல்லாம்
கன்று ஒவ்வொன்றாய்ச் சப்பிக்கொண்டிருந்தது.
முப்பிடாதி சொன்னாள்:
"ஒமக்குப் பொறந்த பிள்ளைதான் இது.
ரப்பர் தவிர வேற வாசம் தெரியாது."

ரெண்டு மாதம் போயிற்று.
டீக்கடையில் பால்பாக்கி நாலாயிரத்தைத் தாண்டியது.
ஊசி போட வந்த அருமைராஜ்
வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு,
"பால் போற பை வேற,
புல்லு போற பை வேற வே.
அது இன்னும் சுருங்கிக் கெடக்கு,
காத்தடிக்காத டியூப் மாதிரி.
தீவனம் போனாத்தான் விரியும்" என்றார்.
எனக்குப் புரிகிற பாஷை.

வைக்கோல் போட்டேன். அதன்மேல் படுத்துக்கொண்டது.
அகத்தி கட்டினேன். அடுத்த வீட்டு ஆடு தின்றது.
புண்ணாக்கை ஊறவைத்தால்
மூக்கை முக்கித் தும்மி
என் சட்டையெல்லாம் புண்ணாக்கு.
கருப்பட்டிப் பாகை விரலில் தொட்டு
வாய்க்குள் விட்டேன்.
விரலைச் சப்பியது, விரலைத்தான்.
கையை மெல்ல வாளிக்குள் தாழ்த்தினால்
தலை பாதிவழி கூடவே வந்து
நின்றுவிடும்,
யாரோ கூப்பிட்டதுபோல.

பாட்டில் காலியான கையோடு,
அது இன்னும் முட்டிக்கொண்டிருக்கையிலே
ஒரு பிடித் தீவனம் வாயில் வையும் என்றார்.
வைத்தேன். முக்கால் பிடி தரையில்,
மிச்சத்தை நாக்கு வெளியே தள்ளியது.
புளித்ததைத் தொடாது, தினமும் கொட்டிவிட்டுப் புதுசு வையும் என்றார்.
தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்.
தனித்தொட்டிக்கு எங்கே போக?
பழைய பஞ்சர்த் தொட்டியைத்
தேய்த்துக் கழுவி வைத்தேன்.

ஆடிக்காற்று புழுதியை அள்ளிப்போட்ட ஒரு சாயங்காலம்
வாழைத்தார் லாரி ஒன்று
பின்சக்கரம் ரெண்டும் போய் வந்து நின்றது.
ஆறு மணிப் பாட்டில் எட்டாயிற்று, ஒன்பதாயிற்று.
கன்று கத்தியது.
கத்தல் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.
ஜாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினால்
வாளிக்குள் தலை.
நிமிர்ந்தது. இமைமயிரெல்லாம் தவிடு.
வாளி காலி என்று சொல்லமாட்டேன்.
நடுவில் ஒரு சின்னப் பள்ளம்,
கோழி கிளறினதாகவும் இருக்கலாம்.
பாட்டிலை நீட்டினேன்.
என்றைக்கும்போல முட்டி முட்டிக் குடித்தது.

பிறகு ஒரு பத்து நாள் இருக்கும்.
ஷட்டரை இறக்கிப் படுத்தவன்
ஏதோ சத்தத்தில் எழுந்தேன்.
எந்த டயரோ காற்றிறங்குகிறது என்று
தடவிக்கொண்டே வெளியே போனேன்.
கன்று படுத்திருந்தது. முன்னால் ஒன்றுமில்லை.
தாடை மட்டும் இடமும் வலமுமாய்
எதையோ அரைத்துக்கொண்டிருந்தது.
நின்றது. கழுத்தில் ஓர் உருண்டை
கீழேயிருந்து மேலே ஏறியது.
மறுபடி அரைத்தது.

மண்டியிட்டு
இடது விலாவில் காதை வைத்தேன்.
உள்ளே, தொட்டியில் டியூபை அமுக்கினால்
கொப்புளித்து எழுமே, அந்தச் சத்தம்.
என் கை
சாக்பீஸைத் தேடிச்
சட்டைப்பைக்குப் போய்விட்டிருந்தது.