குறிவிளக்கம்

மஞ்சள், குடியிருப்பு.
நீலம், வணிகம்.
பச்சை, கோட்டைக்குள் மான்கள் மேயும் இடம்.
(மான்கள் அங்கே மட்டுமா மேய்கின்றன?
பஸ் நிலையத்தில் நின்று
மிச்சச் சோற்றுப் பார்சலைப்
பொலித்தீனோடு சேர்த்துத் தின்கின்றன.
ஒருவரும் அவற்றிடம் காணி உறுதி கேட்டதில்லை.)
வெள்ளை, வெற்று நிலம்.

அந்த வெள்ளையை விட்டது நான்தான்.

இருபத்திநாலு வயது. முதல் சம்பளம்.
மை கசியாத புதுப் பேனை.
சிப்பித்திடலுக்கு நான் போனது
சுற்றிவளைப்பு முடிந்த மறுநாள்.
திறந்து கிடந்த படலைகள்,
பாதி வெந்த அரிசியோடு ஒரு பானை,
கொடியில் காய்ந்தபடி
ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.
ஆளில்லை என்று
எண்ணாமல் வந்தேன்.
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

பதினொரு கிழமையில் சனம் திரும்பியது.
வரைபடம் திரும்பவில்லை.
கச்சேரிக்குப் போனது, கொழும்புக்குப் போனது,
நீலப் பிரதியாகிக் கணினிக்குள் ஏறி
மந்திரிகள் மாறமாறத் தான் மாறாமல்
மேசைக்கு மேசை போனது,
மூலையில் என் கையெழுத்தோடு.

நான் பாங்கொக் போனேன்.
சமத்துவம் என்ற சொல்லுக்கு
எத்தனை அடிக்குறிப்பு இடலாம் என்று படித்தேன்.
திரும்பி வந்து அளந்தேன்:
உவர்மலையில் தண்ணீர் படியேறி
மாடிக்கே வந்து குளிப்பாட்டுகிறது;
அங்கே உவர் பெயரில் மட்டும்.
சிப்பித்திடலில் அது கிணற்றில்.
நல்ல தண்ணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு,
குடம் நிறைந்தால் நானூறு.
குடத்தோடு எட்டு சிறுக்கும் என்பதை
எந்த நூலிலும் நான் படித்திருக்கவில்லை.

நாற்பத்தியொரு கட்டுரை எழுதினேன்.
எங்கோ பனிகொட்டும் ஊரில்
யாரோ அவற்றை மேற்கோள் காட்டுகிறார்களாம்.
இந்த ஊரில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது
நான் பிழையாய்க் கீறிய அந்த ஒன்றைத்தான்.

நகர மண்டபத்தில் கலந்துரையாடல்.
மூன்று மொழியில் பதாகை,
ஒரு மொழியில் கூட்டம்.
திரையில் கடலோர நடைபாதை,
நிழல்குடைகள், யாருடையதோ பிள்ளைகள்,
அடியில் என் வெள்ளை.
"இங்கே இடம்பெயர்க்க ஆட்களே இல்லை" என்றார் பணிப்பாளர்,
உண்மையிலேயே சந்தோசமாக.

கருவாட்டு வாசம் போகாத கையை உயர்த்தினாள் ஜெசிந்தா.
"இந்த வெள்ளைக்குள்ளதான் சேர்
என்ட மூத்தவன் பிறந்தவன்.
அவன என்ன நிறத்தில போடுவீங்க?"

மண்டபத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

எழுந்து சொன்னேன்:
அது என் கையெழுத்து. அது பிழை.
முப்பது வருடம் படித்ததில்
எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான ஆய்வுரை அது.
பணிப்பாளர் கோபப்படவில்லை.
"திருத்தத்துக்கு ஒரு படிவம் இருக்கு, மிஸ்.
ஆனா இப்ப இந்த அலுவலகத்தில இல்லை."

ஓய்வுபெற்ற அன்று
குத்துவிளக்கு தந்தார்கள், கேக் வெட்டினார்கள்.
நூற்றி நாற்பது வீட்டில்
அறுபத்திரண்டு நின்றுகொண்டன.
மற்றவை கன்னியாப் பக்கம், கடல் தெரியாத காணியில்.
அங்கே வலையைக் கட்டி
பயற்றங்கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள்.
வெற்றி என்றுதான் அறிக்கையில் எழுதினார்கள்.
என் பெயரும் அதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அளவுநாடாவோடு போகிறேன்.
நிற்கும் அறுபத்திரண்டையும்
நின்ற எழுபத்தெட்டின் அத்திவாரங்களையும் கீறுகிறேன்.
இதைக் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை.
பூச்சிய முனையைப் பிடிப்பது ஜெசிந்தா.
"அது சுவரில்ல மிஸ், வேலி.
போன மாசம்தான் தகரம் அடிச்ச."
அழித்துக் கீறுகிறேன்.
"கோழிக்கூடு?"
போடுவோம்.

கேட்காமல் வைத்திருந்ததை இன்று கேட்டேன்:
அந்தக் கொடியில் கிடந்த சட்டை
யாருடைய பிள்ளையின்?
"எந்தக் கொடி? அதில
மூணு வீட்டு உடுப்பெல்லோ காயும்" என்றாள்.
குடாப் பக்கத்தால் காற்று எழும்பி
எங்கள் இருவருக்கும் நடுவில்
நாடா விம்மத் தொடங்கியது.
"இறுக்கிப் பிடியுங்க மிஸ்,
உங்கட பக்கம்தான் தொய்யுது."