ஆறுக்கு நாலு

கீழ்மாடிப் பல் வைத்தியர் பஸீஹா
மூன்றாம் முறையும் படியேறி வந்தார்,
கையுறையைக் கழற்றாமல்.
"உங்கட கதிரை இழுபடுற நேரமெல்லாம்
என்ட கதிரையில இருக்கிறவர் துள்ளுறார்.
நான் இன்னும் ஊசியக் கூட எடுக்கல்ல."

அப்படித்தான் எங்கள் கந்தோருக்கு
ஒரு கம்பளம் தேவைப்பட்டது.

மொழிபெயர்த்துக் கொடுக்கும் கந்தோர்.
பம்பலப்பிட்டியில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி,
பிறந்ததையும் மணந்ததையும் இறந்ததையும்
தூதரகங்கள் நம்பும் மொழிக்கு மாற்றி
முத்திரை குத்தும் இடம்.
கதிரையை முன்னால் இழுக்காமல் இங்கு ஒருவரும்
தன் பெயரைச் சரிபார்ப்பதில்லை.

துல்மினி பழைய பத்திரிகைகளை
நிலத்தில் ஒட்டினாள், அளவு பார்க்க.
இரண்டு நாள் அதன்மேல் நடந்தோம்.
மரண அறிவித்தல்களை மிதிக்காமல்
நான் சுற்றிச் சுற்றிப் போவதைக் கண்டு
மூன்றாம் நாள்
வாகன விளம்பரங்களாய்ப் பார்த்து மாற்றினாள்.
எட்டுக்கு ஐந்து என்றால் கதவு முட்டும்.
ஐந்துக்கு மூன்று,
யாரோ கைக்குட்டையைத் தவறவிட்டதுபோல் இருக்கும்.
ஆறுக்கு நாலு என்று எழுதிக்கொண்டோம்.

அவள் மொழியில் அது புமுதுருண.
நிலத்தின் மேல் விரிப்பு என்று
பிரித்துச் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடு.
உன் மொழிக் கம்பளத்தையும் பிரி என்றாள்.
கம்பளி என்று தொடங்கி
செம்மறியாடு வரை போய் நின்றுவிட்டேன்.

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு, சனிக்கிழமை.
இர்பாஸ் என்ற பையன் சுருள் சுருளாய் உதறினான்.
முதல் உதறலிலேயே மாதுளைச் சிவப்பு,
நடுவில் பதக்கம், ஓரமெல்லாம் கொடி.
தடவப் போன என் கை திரும்பி வரவில்லை.
"அசல் கம்பளி, மேடம். கால் புதையும்."
துல்மினி குனிந்து முகர்ந்தாள்:
"ஒக்டோபர் மழைக்கு நனைந்த நாய்."
சணலில் ஒன்று, விரிக்கும்போதே தும்பு கொட்டியது.
வெள்ளையில் ஒன்று.
அதைப் பற்றிப் பேசவேயில்லை,
எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளை நாங்கள் அறிவோம்.

சிவப்பை நான் விட்டது விலைக்காக அல்ல.
சரி, விலைக்காகவும்தான்.
ஆனால் போன மாதம்
மன்னாரிலிருந்து வந்திருந்தார் சவிரியான்,
மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு.
வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல்
செருப்பைப் படிக்கட்டில் கழற்றி வைத்தார்.
திரும்பிப் போகையில் செருப்பு இல்லை.
"காரியமில்ல பிள்ள, வேல முடிஞ்சுதுதானே" என்றபடி
நண்பகல் காலி வீதியில்
வெறுங்காலோடு இறங்கினார்.
கீறல் விழுந்த மாபிளுக்கே கழற்றியவர்
இந்தச் சிவப்பின் ஓரத்தில்
நின்றபடியே பேசிவிட்டுப் போயிருப்பார்.

"செருப்போட ஏறக்கூடியது இருக்கா?"
"எல்லாத்திலயும் ஏறலாம், மேடம்."
"ஏறலாம் எண்டு பாத்த உடன தெரியோணும்."
இர்பாஸ் காதுக்குப் பின்னால் சொறிந்தான்.
உள்ளே போனான். நெடுநேரம்.
மழை விட்ட தார் வீதியின் நிறத்தில் ஒன்றோடு வந்தான்,
மயிர் கட்டை, பிளாஸ்டிக் நூல்,
ஓரத்தில் மட்டும் ஒரு நீலக் கோடு,
அதுவும் கொஞ்சம் வளைந்தது.
"இத ஒருத்தரும் கேக்கிறதில்ல" என்றான்.

ஓட்டோவுக்குள் அது அடங்கவில்லை.
இரு பக்கமும் துருத்திக்கொண்டு
கொள்ளுப்பிட்டிச் சந்தியில்
ஒரு பொலிஸ்காரரை ஒதுங்க வைத்தது.

ஒரு மூலை சுருண்டுகொண்டே இருந்தது.
தடித்த அகராதியை அதன்மேல் வைத்தோம்.
அகராதி தேவைப்படும் போதெல்லாம்
மூலை எழுந்து எட்டிப் பார்க்கிறது.

திங்கட்கிழமை முதலாவதாய் வந்த பெண்
சொட்டும் குடையோடு, சேற்றுச் சப்பாத்தோடு
நேரே நடந்து வந்து
கதிரையை இழுத்து அமர்ந்தாள்.
அமர்ந்ததே எனக்குத் தெரியவில்லை.
அவ்வளவு அமைதி.
அந்த அமைதியில்
கீழிருந்து முதல்முறையாய் ஏறி வந்தது
பஸீஹாவின் பல் துளைக்கும் மெஷின்.
மூவரும் ஒன்றாய்
வாயை இறுக மூடிக்கொண்டோம்.