வின்ச்சில் மூன்று சுற்று

வியாழக்கிழமை வீகோவிலிருந்து வாங்க வருகிறார்கள்.
பாய்மரத்து உச்சி விளக்கு எரியவில்லை.
எரியாத விளக்குக்கு முந்நூறு யூரோ குறைப்பார்கள்,
அதில் பாதி உன் நஷ்டம் என்று
போனில் சொன்னாள் அன்தியா.
வக்கீல்கள் இல்லாமல் நாங்கள் பேசியது
ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மூரோஸ் துறைமுகம் காலையில்
கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் கிடந்தது.
காற்றில்லை. இரவு மழையின் மிச்சம்
கம்பிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
என்னைவிட இருபது கிலோ குறைவு அவள்.
யார் ஏறுவது என்பதில் மட்டும்
எங்களுக்குள் வழக்கில்லை.

கித்தான் இருக்கையின் தையலை
முழுக்க விரலால் ஓட்டிப் பார்த்தாள்.
கொக்கியை நம்பவில்லை. கழற்றி வைத்துவிட்டுக்
கயிற்றையே வளையங்களில் கோத்து முடிந்தாள்.
தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்
குலுங்கிக் குலுங்கிச் சோதித்தாள்.
பிறகு இரண்டாவது கயிறு, இடுப்பு வாருக்கு.
அதற்கு வேறு கப்பி, வேறு வின்ச்.
"ஒன்று போனால் இன்னொன்று" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
நான் அதில் வேறு அர்த்தம் தேடினேன்.
கயிற்றைப் பற்றித்தான் சொன்னாள்.

ஸ்பானருக்கு ஒரு நூல்,
திருப்புளிக்கு ஒரு நூல்,
பல்புக்கு ஒரு பழைய காலுறை. என்னுடையது.
"நான் மேலே இருக்கும்போது மரத்தடிக்கு வராதே."
"வரமாட்டேன்."
"போன் அடித்தால்?"
"எடுக்கமாட்டேன்."
"அப்படித்தான் சொல்வாய்."
போனை எடுத்துக் கீழறைக்குள் வீசினேன்.

வின்ச்சில் மூன்று சுற்று.
கைப்பிடி திரும்பத் திரும்ப
அவள் ஒவ்வொரு பல்லாக உயர்ந்தாள்.
இரண்டு முழத்துக்கு ஒருமுறை நிறுத்தி
மற்றக் கயிற்றின் தொய்வை இழுத்தேன்.
முதல் குறுக்குச் சட்டத்தில் காலூன்றி மூச்சு வாங்கினாள்.
இரண்டாவதில் வாங்கவில்லை.
செருப்பின் அடிப்பகுதி தெரிந்தது, பிறகு அதுவும்
நாணயம் அளவுக்குச் சிறுத்தது.
"கட்டு!"

எட்டு எட்டாகச் சுற்றி
இரண்டு கயிறுகளையும் கட்டையில் கட்டினேன்.
கட்டிவிட்டால் பிடிக்க வேண்டியதில்லை.
பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தது சிப்பிப் படகு,
மிதவைகளிலிருந்து திரும்பும் அவசரத்தில்.
ஓட்டியவன் கையாட்டினான். நானும் ஆட்டினேன், முட்டாள்.
அலை வந்து சேர்ந்தது.
தளத்தில் அது ஒரு சின்னச் சிணுங்கல்,
காப்பிக் கோப்பை கூடச் சாயாது.
பதினான்கு மீட்டர் உயரத்தில்
அந்தச் சிணுங்கல் அவளைத் தூக்கித்
தண்ணீருக்கு மேலே கொண்டுபோனது,
திருப்பிக் கொண்டுவந்தது,
அந்தப் பக்கமும் கொண்டுபோனது.
இரு காலாலும் மரத்தை இறுக்கிக்கொண்டாள்.
கையிலிருந்து நழுவிய ஸ்பானர்
நூலின் நுனியில் நின்று டங் டங்கென்று மரத்தில் மோதியது.

இறக்கலாம் என்று கை துடித்தது.
இறக்கினால்
ஆட்டத்தில் கம்பியில் மோதுவாள்.
ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் வேலை.
பதினோரு வருடத்தில் ஒருமுறையாவது
அதை நான் சரியாகச் செய்திருக்கிறேனா?
அலை ஓய்ந்தது.
"பிரெய்ஷோ" என்று கூப்பிட்டாள்.
பெயரோடு ஒன்றும் சேர்க்கவில்லை.
"இருக்கிறேன்."

சுவிட்சைப் போடச் சொன்னாள்.
கீழிருந்து பார்த்தால் வானம்தான் வெளுத்துக் கிடந்தது,
விளக்கு எரிகிறதா இல்லையா தெரியவில்லை.
உள்ளங்கைகளைக் குவித்து மறைத்துப் பார்த்து
"எரிகிறது" என்றாள்.
அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இறக்கும்போது கைப்பிடி கூடாது.
ஒரு கை சுற்றுகளின் மேல் அழுந்த,
மறு கை வால் கயிற்றை
விரல் விரலாக விடவேண்டும்.
செருப்பு வந்தது. முழங்கால். சிராய்த்த மணிக்கட்டு.
கடைசியில் முகம், என் உயரத்தைத் தாண்டும்போது
ஒரு கணம் நேர் எதிரே.

தளத்தில் நின்று முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்:
"ரொம்ப மெதுவாக இறக்கினாய்."
"ஆமாம்."

காலுறையைத் திருப்பிக் கொடுத்தாள்.
உள்ளே செத்த பல்பு கிலுகிலுத்தது.
வியாழன், பத்து மணி, சாவி இரண்டும் கொண்டுவா என்று
படகுத்துறைப் பலகையில் நடந்தாள்.
பின்னங்கழுத்தில் மழைக் கம்பியின் துரு
ஒரு கோடாக இருந்தது.
சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.
அதற்குள் கேட் மூடிவிட்டது.