அழிப்பான்

ஓட்டேரிக் கிளை நூலகத்தில்
திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை.
கிழிசலுக்கு ஒட்டுத்தாள்,
கிறுக்கலுக்கு அழிப்பான்.

இந்தச் சிறுவர் நாவலில் மலைமேல் ஒரு பள்ளி.
தலைமையாசிரியர் பெயர் சண்டமாருதம்.
பிள்ளைகளின் சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு
"தட்டு பளிச்சென்று இருக்கணும்" என்பார்.
படம் வரைந்தவர் அவர் மீசையை
இரண்டு தேள்களாகப் போட்டிருக்கிறார்.
சிரிப்புதான் வந்தது,
பதினேழாம் பக்கம் வரை.

அங்கே சண்டமாருதத்தை அடித்துவிட்டு
மேலே பென்சிலில்: குப்பராஜ் சார்.

இருபத்து மூன்றில் மறுபடி. முப்பதில்.
பையனை மணித்தூணில் கட்டிவைக்கும் இடத்தில்
மணித்தூணை அடித்து, பாத்ரூம்.
'ஒருநாள்' என்பதை அடித்து, டெய்லி.
தேர்ந்த பிழைதிருத்தம்.
தேவையில்லாத ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.

கடைசி அத்தியாயத்தில்
பிள்ளைகள் எல்லோரும் கூடி
சண்டமாருதத்தைக் கழுதைமேல் ஏற்றி
மலையிலிருந்து இறக்குகிறார்கள்.
ஓரத்தில் அதே பென்சில்,
தாளின் மறுபக்கம் புடைக்கும் அழுத்தத்தில்:
இது மட்டும் பொய்.

அதற்குக் கீழே
நீல மையில் வேறொரு கையெழுத்து:
நீ எந்த க்ளாஸ்?

பதிவேட்டைப் பார்த்தேன்.
ஜூனுக்குப் பிறகு எடுத்தவர்கள் மூன்று பேர்.
ஹேமாவதி, ரகீப், ஜெர்லின்.
மூவரும் பக்கத்துப் பள்ளி.
மூவரும் இந்த மேசைக்கு முன் நின்று
தாமதக் கட்டணத்துக்குச் சில்லறை எண்ணியவர்கள்.
காசைத்தான் பார்த்தேன்.
எண்ணிய விரல்களைப் பார்த்த ஞாபகம் இல்லை.

மாலை ஐந்தரைக்குக் குப்பராஜ் சார் வருவார்,
பேப்பர் படிக்க.
மீசை கிடையாது.
வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து விடுவார்.
"மேடம், கால்வா நாத்தம் இன்னிக்கு ஜாஸ்தி" என்பார்.
நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.
அப்படியே ஃபேனையும் அவர் பக்கம் திருப்புவேன்.
ஆறு வருஷமாக இப்படித்தான்.

இன்றைக்கும் வந்தார்.
நாத்தம் என்றார்.
கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, மேடம் என்றார்.

ஜன்னல் திறந்தே கிடந்தது.
அழிப்பான் டப்பாவுக்குள் இருந்தது.
நான் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு
பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.