டாப்பெட்

கொருக்குப்பேட்டை கேட்டில்
டேங்கர் ரயிலுக்காக நின்றபோது கேட்டது:
டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.
எண்பத்தாறாம் வருஷத்துப் பத்மினி.
வேகன்களை எண்ணாமல்
கனெக்டிங் ராடு என்ன விலை என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாப்பெட்டுதான்க்கா என்றான் தம்பி சகாயம்.
அவனுக்கு மழை வந்தாலும் டாப்பெட்.

தண்டையார்பேட்டை ஜீலானிக்கு இடது காது கேட்காது,
துறைமுகத்தில் கப்பல் துரு தட்டிய வருஷங்கள் தின்றுவிட்டன.
ஸ்க்ரூ டிரைவர் பிடியைப் பல்லில் கடித்து
முனையை இன்ஜினில் ஊன்றிக்
கண்ணை மூடினார்.
பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
வண்டி நொண்டியது,
சத்தம் மட்டும் சவுக்கியமாக இருந்தது.
"ராடு இல்லம்மா. கிளட்ச்ச மிதி."
மிதித்தேன். நின்றது.
விட்டேன்.
டொக்.

கியர்பாக்ஸை இறக்க மத்தியானம் ஆனது.
ஃப்ளைவீலில் ஆறு போல்ட்டு,
இரண்டு விரலாலேயே சுற்றின.
யாரோ பாதியில் ஸ்பேனரை வைத்துவிட்டு
சாப்பிடப் போயிருக்கிறார்கள்.
"போன மாசம் கிளட்ச் பிளேட் மாத்துனது யாரு?"

எண்ணூர்ப் பக்கமிருந்து புகைக் காத்து.
தெரியலியே பாய் என்றேன்.

ராத்திரி சகாயம் கேட்டான்.
டாப்பெட்டுதான்டா.
"நான்தான் சொன்னனே" என்று
இன்னொரு மீன் துண்டை எடுத்துக்கொண்டான்.