மாதிரி

பெயரைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான்
எந்த எண்ணெயும் எங்கள் கூடத்துக்குள் வரும்.
தங்கநிற டப்பாவில் வந்தது அ.
புதுப்பேட்டையில் அளந்து ஊற்றியது ஆ.
இ யாருடையது என்று தாஜுதீன் சாருக்கு மட்டும் தெரியும்,
கேட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்.
ஈ, காசிமேட்டுப் படகு ஒன்றின் வயிற்றிலிருந்து
ஊறுகாய் பாட்டிலில் வந்தது,
மூடியில் இன்னும் எலுமிச்சங்காய் படம்.

எள்ளோடும் நெய்யோடும் ஒட்டுறவில்லாத எண்ணெய்கள்.

நாற்பது டிகிரித் தொட்டியில் கண்ணாடிக் குழாய்.
மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு
இறங்கி வரும் நேரம்தான் எண்ணெயின் ஜாதகம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்பார்கள்,
விட்டால் அதற்கும் பாகுநிலை எடுக்கச் சொல்வார்கள்.
மணலியில் ஜூன் பாதி, ஏசி நின்றுபோன மதியம்,
அறையே முப்பத்தெட்டு.
இன்னும் இரண்டு டிகிரி ஏறினால்
என்னையும் குழாயில் ஊற்றி நேரம் பார்க்கலாம்.

அ-வும் ஆ-வும் மூன்று விநாடி வித்தியாசத்தில் இறங்கின.
"விலையில் மூணு மடங்கு சார், இறங்குறதுல மூணே விநாடி."
அவர் சிரிக்கவில்லை.
பந்து முடியட்டும் என்றார்.

மூன்று எஃகுப் பந்துகள் அசையாமல் கீழே.
நான்காவது அவற்றின் தலைமேல் ஏறி
நாற்பது கிலோ பாரத்தோடு ஒரு மணி நேரம் சுழலும்.
பிறகு நுண்ணோக்கியில் காயத்தை அளப்பேன்.
காயம் சின்னதென்றால் எண்ணெய் நல்லது,
அவ்வளவுதான் எங்கள் வேதம்.
அ, புள்ளி நான்கு ஒன்று.
ஆ, புள்ளி எட்டு ஏழு.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்,
என் ஸ்கூட்டியில் ஓடுவது ஆ.
இ-யைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
எல்லாப் பரீட்சையிலும் நடு பெஞ்சு.

ஈ-யில் ஒரு சொட்டு சூட்டுத்தட்டில் விழுந்ததும்
சடசடவென்று பொரிந்தது.
தண்ணீர்.
சோடியம் பார்த்தால் அளவு மீறிய உப்பு.
இன்ஜினுக்குள் கடல் என்று எழுதப் போனவள்
மூடியிலிருந்த எலுமிச்சங்காயைப் பார்த்து
பேனாவை நிறுத்தினேன்.

தேசப்பனுக்குப் போன் போட்டேன்.
பாட்டிலைக் கழுவுனீங்களாண்ணே?
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
"சோப்பு போட்டு, சுத்தமா
கடல் தண்ணில அலசித்தாம்மா ஊத்துனேன்."

வேற பாட்டில் அனுப்புறேன், திரும்ப எடுத்துத் தாங்க.
"தடைக்காலம் முடிஞ்சிச்சில்ல,
மச்சான் விடிகாலையே போட்டை எடுத்துக்கினு போயிட்டான்.
வர பத்து நாளாவும்.
எந்த ஆயில் நல்லதுன்னு மட்டும் சொல்லேன்."

அறிக்கையில் ஈ-க்கு நேரே எழுதினேன்:
மறு மாதிரி தேவை.
ஊறுகாயின் உப்போ, அலசிய கையின் உப்போ,
இல்லை, அங்கே எங்கோ நடுக்கடலில்
ஒரு கேஸ்கட் ஓரமாக
சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும் உப்போ.

கழுவி, காயவைத்த பாட்டில் ஒன்றில்
ஈ என்று எழுதி ஜன்னலோரம் வைத்தேன்.
சூட்டுத்தட்டை அணைத்தேன்.
ஆறும் வரைக்கும் அது
டிக், டிக்கென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.