பேர் ஒட்டாதது

காலை அஞ்சே முக்காலுக்கு
மூன்றாம் மாடி எழுந்துவிடும்.
எனக்கெப்படித் தெரியும் என்றால்
என் பாத்ரூம் சல்லடை மூடி
ஒரு தடவை விக்கும்.
ஆறரைக்கு இரண்டாம் மாடி.
ஏழேகாலுக்கு மூடி கிளம்பி ஓரமாய் நகர
எல்லா வீடும் என் வீட்டுக்குள் வரும்,
செருப்பைக் கழற்றாமல்.

சத்துவாச்சாரி, இரண்டாம் பேஸ்,
தரைத்தளம், கதவு எண் இரண்டு.
கூப்பிடு தூரத்தில் பாலாறு,
மணலும் முள்ளுமாய்.
ஆற்றில் தண்ணியில்லை என்று ஊரே கிண்டலடிக்க
எனக்கு மட்டும் தினம் வெள்ளம்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை.
பதினோரு வருஷமாய்
அடுத்தவர் வயிற்றை டப்பாவில் வாங்கி வைக்கிறேன்.
பேர், வயது, வார்டு, எடுத்த நேரம்
மேலே ஒட்டியிருக்க வேண்டும்.
ஒட்டாததை வாங்க மாட்டேன்,
மூணு நாள் ரயிலில் வந்தவராய் இருந்தாலும்
திருப்பி அனுப்புவேன்.
வீட்டுக்கு வருவதைத்தான்
யாரிடம் திருப்புவதென்று தெரியவில்லை.

மாடிப்படி அடியில் கூட்டம் போட்டோம்.
செக்ரெட்டரி கஜபதி, பெல்லில் ரிட்டயர் ஆனவர்,
பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் குழாய் வரைந்து
சாய்வு பத்தலை என்றார்.
ஷமீம் வீட்டில் எலும்பைக்கூட
காகிதத்தில் கட்டித்தான் போடுவார்களாம்.
ஜெயசீலி டீச்சர் வீட்டில் சோறே மிஞ்சாதாம்.
கடைசியில் எல்லாரும் சேர்ந்து
பேஷண்ட் கூட வந்து தங்கும் பெங்காலிகள்தான் என்று முடித்தோம்.
அவர்கள் படியில் உட்கார்ந்து
எதற்கென்று புரியாமல்
எங்களைப் பார்த்துச் சிரித்துவைத்தார்கள்.
நானும் மேலேதான் கை காட்டினேன்.
தரைத்தளத்துக்காரிக்குக் காட்ட
வேறு திசை ஏது?

வியாழக்கிழமை ஜெட் வண்டியோடு கன்னியப்பன் வந்தார்.
குழாய் உள்ளே போய்
இரண்டாவது தொட்டியில் முட்டி நின்றது.
ரெண்டே நிமிஷம் எறங்கிப் பாரேன்பா,
இடுப்பளவுதான்,
ஐநூறு தனியா தரோம் என்றார் கஜபதி.
கன்னியப்பன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"நீ எறங்கு சார்.
நான் மேல நின்னுனு டார்ச்சு அடிக்கறேன்."

ஷமீம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
கஜபதிக்குத் திடீரென்று போன் வந்தது.

பிறகு கொக்கிக் கம்பி.
அரை மணி நேரம்
முடியும் கொழுப்புமாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்.
அப்புறம் எதுவோ மாட்டியது.
குதிகால் ஊன்றி இழுத்தார்.
முழ முழமாய் ஒரு துணி
வந்துகொண்டே இருந்தது.
அடியில் பெரிய மிடறு விழுங்கும் சத்தம்,
தொட்டி சட்டென்று இறங்கியது.
மாடிகளில் கைதட்டினார்கள்.

காப்பிக் கலர். வெள்ளைக் கட்டம்.
தை மாசம் பக்கெட்டிலிருந்து காணாமல் போன
என் நைட்டியின் ஒரு பாதி.
தரை துடைக்கக் கிழித்தது.

யார் வீட்டுதுப்பா இது, என்றார் கஜபதி.
நாளைக்கு நூறு டப்பாவுக்குப் பேர் எழுதுகிற கை
முந்தானையைச் சுருட்டிக்கொண்டது.
"யார் வீட்டுதோ" என்றேன்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார்.
என் தலைக்கு மேல் கொடியைப் பார்த்தார்.
அங்கே மறு பாதி காய்ந்துகொண்டிருந்தது,
காப்பிக் கலர், வெள்ளைக் கட்டம்,
இரண்டு கிளிப்போடு.

"நல்ல துணிமா" என்றார்.
சுருட்டிக் கோணியில் போட்டார்.

முழங்கை வரை மூன்று தரம் சோப்பு போட்டார்,
நான் சொம்பில் ஊற்றினேன்.
ஐநூறை நீட்டினேன்.
கார்ப்பரேஷன் ரசீது முன்னூறுதான்,
மீதி இருநூறை ஈரக் கையால் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அஞ்சே முக்கால்.
மூடி விக்கவில்லை.
நான் மட்டும் எழுந்துவிட்டேன்.
இருட்டோடு போய்
கொடியிலிருந்த பாதியை எடுத்தேன்,
மடித்தேன்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
பால்காரர் மணியடிக்கும் வரை
கையிலேயே வைத்திருந்தேன்.